எட்டு லட்சத்துச் சொச்சம் பற்கள்

அட்டை ஆலையில் எல்லோரும் அவளை எண்ணெயக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கழுத்து நீண்ட எண்ணெய் டப்பா கையில், அழுக்குத் துணி இடுப்பில். காலையிலிருந்து மாலைவரை இயந்திரம் இயந்திரமாக நடந்து, இரும்பும் இரும்பும் உராயும் இடங்களுக்கெல்லாம் எண்ணெய் விடுவது அவள் வேலை. அவளைவிடப் பத்து வயது மூத்த மேஸ்திரியும் அக்கா என்பார், போன வாரம் சேர்ந்த பெண்களும் அக்கா என்பார்கள். "ஊருக்கே அக்கா ஆயிட்டேன், சம்பளம் மட்டும் இன்னும் தங்கச்சி சம்பளம்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிக் கூப்பிட உண்மையான உரிமை உள்ளவன் ஒருவன் அதே ஆலையில் இருந்தான். அவள் தம்பி. பதினொரு வயது இளையவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்தது இவள்தான். தனக்கென்று ஒரு கல்யாணத்தைப் பற்றி யோசிக்க நேரம் வந்தபோது வயது போய்விட்டிருந்தது. தம்பிக்குக் கல்யாணம் செய்துவைத்தாள். வீட்டில் இரண்டு அறை. பெரியதை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, தையல் மிஷின் இருந்த சின்ன அறையில் பாயை விரித்துக்கொண்டாள்.

தம்பிக்கு உலர்த்தும் பிரிவில் வேலை. மூன்று பெரிய உருளைகள், உள்ளே நீராவி. ஈர அட்டை ஒரு பக்கம் கூழ் வாசனையோடு ஏறி, மூன்றையும் சுற்றி வந்து, மறுபக்கம் காய்ந்து இறங்கும். ஒவ்வொரு உருளையின் முனையிலும் ஆள் உயரத்துக்கு ஒரு பல்சக்கரம். முதல் சக்கரம் நடுச்சக்கரத்தைக் கடித்துத் திருப்பும், நடுச்சக்கரம் மூன்றாவதை. அவசரமே கிடையாது. முதல் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஒரு நிமிடம் ஆகும். வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றால் தூக்கம் வரும்.

அந்தச் சக்கரம்தான் அவனைக் கொன்றது. ஒரு முற்பகல், ஈர அட்டை கிழிந்து நாடாவாகச் சக்கரங்களின் பக்கம் போய்ச் சுருண்டுகொண்டது. மிஷினை நிறுத்தினால் அன்றைய அட்டை முழுக்கப் பாழ். பாதுகாப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு, கடப்பாரையால் நெம்பி எடுக்கப் பார்த்தான். முதல் சக்கரமும் நடுச்சக்கரமும் கடப்பாரையின் நுனியைக் கவ்விக்கொண்டன. மறுமுனை வீசி வந்து அவன் நெஞ்சில் அடித்தது. மிஷின் அதிர்ந்து நின்றது. கடப்பாரை மாட்டிய இடத்தில் இரு சக்கரங்களிலும் ஒவ்வொரு பல் உடைந்தது. அந்த அதிர்ச்சியில் மறுபக்கம் நடுச்சக்கரமும் மூன்றாவதும் கடித்திருந்த இடத்திலும் ஒவ்வொரு பல் போனது.

அவள் அப்போது கூடத்தின் அந்தக் கடைசியில், வெட்டும் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றதால்தான் திரும்பினாள். ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"ஒரு வார்த்தை பேசலக்கா. சத்தமே போடல" என்றார் மேஸ்திரி. ஆறுதலுக்குச் சொன்னார். அவளுக்கு அதுதான் தொண்டையில் முள்ளாக மாட்டிக்கொண்டது. அந்த இரைச்சலில் அவன் கூப்பிட்டிருந்தாலும் யார் காதில் விழுந்திருக்கும்?

மிஷின் ஒரு மாதம் நின்றது. உடைந்த நான்கு பற்களையும் பற்றவைத்து, அரத்தால் ராவி, மறுபடி ஓட்டினார்கள். தம்பியின் மனைவிக்கு அட்டைகளைக் கட்டும் இடத்தில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். அவள் இருபத்தாறு வயதுப் பெண். மிஷினுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள்.

ஒட்டுப்போட்ட பற்கள் பழைய பற்கள் ஆகுமா? முதல் சக்கரத்தின் ஒட்டுப்பல்லும் நடுச்சக்கரத்தின் ஒட்டுப்பல்லும் எப்போதாவது நேருக்கு நேர் கடித்துக்கொண்டால், "அக்" என்று விக்கியது போல ஒரு சத்தம் வரும். நாளைக்கு ஐந்து தடவை போல. நடுச்சக்கரமும் மூன்றாவதும் அதேபோலக் கடித்துக்கொண்டால் "கா..." என்று இழுத்து முனகும். அது நாலைந்து தடவை. காலையில் ஒன்று, அரை மணி கழித்து மற்றொன்று என்று தனித்தனியாக வந்துபோனதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

நான்காவது வாரம் இரண்டும் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன.

"அக்...கா..."

கட்டுகிற பெண்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். மேஸ்திரி தேநீர்க் கோப்பையை வாயருகே வைத்தபடி அப்படியே நின்றார். எண்ணெயக்கா மூன்றாவது சக்கரத்தின் அருகில்தான் இருந்தாள். அவள் வாய் தன்னையறியாமல், "என்னடா?" என்றது.

அடுத்த மாதமும் வந்தது. அமாவாசைக்கு வருகிறான் என்றாள் ஒருத்தி. அமாவாசை அதற்கு ஐந்து நாள் முன்பே போய்விட்டது என்று இன்னொருத்தி சொன்னாள். "செத்தவன் பஞ்சாங்கம் பாத்தா வருவான்?" என்று முதலாமவள் கேட்டாள். இரண்டு பெண்கள் வேலையை விட்டுப் போனார்கள். மேலாளர் ஆளை வைத்து நடுச்சக்கரத்தைக் கழற்றி, பத்துப் பல் தள்ளி மாட்டச் சொன்னார். இனி ஒட்டுப்பற்கள் ஒன்றையொன்று பார்க்கவே வழியில்லை என்று எல்லோருக்கும் நிம்மதி. பதினாறாம் நாள் மறுபடி கேட்டது. அதற்குப் பிறகு யாரும் இயந்திரக் கோளாறு என்று பேசவில்லை. அவன்தான் என்று முடிவாகிவிட்டது. தள்ளி மாட்டினாலும் தேடி வருகிறானே.

எண்ணெயக்காவுக்குப் பயம் இல்லை. சொன்னால் நாக்கூசும், ஆனால் அவள் காத்திருந்தாள். வழக்கத்தைவிட அதிகமாக அந்தச் சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டாள். அடுத்த இயந்திரத்துக்குப் போகக் கால் வராது. சத்தம் வருகிற நாளில் வீடு திரும்பும்போது முகத்தில் ஒரு களை இருக்கும். வராத நாட்களில் சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

தம்பி மனைவி காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். வீட்டில் இருவரும் உப்பு, புளி, வாடகை தவிர எதுவும் பேசுவதில்லை. ஒருநாள் மாலை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் திரும்பாமலேயே கேட்டாள்.

"அண்ணி, அந்தச் சத்தம் உங்களுக்குப் பிடிச்சிருக்கு, இல்ல?"

"என்ன பேச்சு இது?"

"பிடிச்சிருக்கு. எனக்குத் தெரியும். உங்களைத்தான கூப்பிடுறாரு." தேய்க்கும் கை நிற்கவில்லை. "மூணு வருஷம் கூட வாழ்ந்தேன். அதே கூடத்துல நானும் உக்காந்திருக்கேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லல. இருந்தப்பவும் அக்கா, செத்த பிறகும் அக்கா."

அந்தப் பெண் பஞ்சு வைத்துக்கொண்டது பயத்தால் என்றே எண்ணெயக்கா இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

மறுவாரம் பல் டாக்டர் வந்தார். ஆலை ஆலையாகப் போய்ப் பல்சக்கரம் பழுது பார்க்கிறவர் என்பதால் அந்தப் பட்டம். அவருடைய சொந்த முன்பற்கள் இரண்டும் இல்லை. "ஊரான் பல்லைப் பாத்துக்கிட்டே என் பல்லைக் கோட்டை விட்டுட்டேன்" என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். பேய் என்று பெண்கள் சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை. ஒரு சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு சக்கரங்களுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "அக்" வரும்போது தரையில் ஒரு கோடு, "கா" வரும்போது ஒரு வட்டம். இடையில் நடுச்சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றியது என்று கோட்டுக்குப் பக்கத்தில் எழுதினார். ஒன்றரை நாள் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

எண்ணெய் விட வந்தவளிடம் அவரே பேச்சுக் கொடுத்தார்.

"அக்கா, முதல் சக்கரத்துல எண்பத்தொம்பது பல். நடுவுல தொண்ணூத்தேழு. அந்தக் கடைசியில நூத்தியொண்ணு. தொண்ணூறு, தொண்ணூத்தாறு, நூறுன்னு லட்சணமா வைக்காம ஏன் இப்படிக் கோணக்கணக்கா வச்சிருக்கான் தெரியுமா?"

"எண்ணெய் விடச் சொன்னாங்க, விடுறேன். பல்லை யாரு எண்ணுனா?"

"ரெண்டு பேரு ஒரே கடைக்கு வர்றாங்கன்னு வைங்க. ஒருத்தர் நாலு நாளைக்கு ஒருக்கா, இன்னொருத்தர் ஆறு நாளைக்கு ஒருக்கா. இன்னிக்குச் சந்திச்சா மறுபடி எப்ப சந்திப்பாங்க?"

வாய்ப்பாடு அவளுக்கு மறக்கவில்லை. "பன்னெண்டாம் நாள்."

"ஆறுக்குப் பதிலா ஏழுன்னா?"

கொஞ்சம் யோசித்தாள். "இருபத்தெட்டு."

"பாத்தீங்களா? ஒரு நாள்தான் கூட்டுனேன், எங்கயோ தள்ளிப் போச்சு. நாலுக்கும் ஆறுக்கும் நடுவுல ரெண்டுன்னு ஒரு சொந்தம் இருக்கு. நாலுக்கும் ஏழுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. இந்த மூணு சக்கரமும் அப்படித்தான். மூணுமே பகா எண். யாராலயும் பங்கு போட முடியாது. அப்படி வச்சாதான் ஒரே பல்லும் ஒரே பல்லும் அடிக்கடி மோதித் தேயாது. எல்லாப் பல்லும் எல்லாப் பல்லோடயும் ஒரு சுற்று பழகிட்டுத்தான் பழைய இடத்துக்குத் திரும்பும்."

"எப்பத் திரும்பும்?"

அவர் தரையில் பெருக்கிக் காட்டினார். எண்பத்தொன்பதையும் தொண்ணூற்றேழையும் பெருக்கினால் எட்டாயிரத்து அறுநூற்று முப்பத்து மூன்று. அத்தனை பற்கள் கடந்தால் ஒரு "அக்". தொண்ணூற்றேழையும் நூற்றொன்றையும் பெருக்கினால் ஒன்பதாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றேழு. அது "கா". இரண்டும் சேர்ந்து வர மூன்றையும் பெருக்க வேண்டும். சாக்குக்கட்டி கிறீச்சிட்டது. எட்டு லட்சத்து எழுபத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்று.

"இத்தனை பல் கடந்து போகணும். நூத்தியொரு தடவை அக், எம்பத்தொம்பது தடவை கா. அப்புறம்தான் ஒரு தடவை சேர்ந்து வரும். மிஷின் ஒரு ஷிஃப்டு மட்டும் ஓடுது, நடுவுல நிக்கவும் நிக்குது. அதான் நாலு வாரம் போல ஆகுது. தொண்ணூறு, தொண்ணூத்தாறு, நூறுன்னு வச்சிருந்தா ஏழாயிரத்து இருநூறு பல்லுல வந்திருக்கும். ஒண்ணேகால் மணி, ஒண்ணரை மணிக்கு ஒருக்கா. அப்படி அடிக்கடி வந்திருந்தா யாரும் பேய்னு சொல்லியிருக்க மாட்டாங்க, ரிப்பேர்னு சொல்லியிருப்பாங்க."

"தள்ளி மாட்டுனாங்களே? அப்புறமும் வந்துச்சே?"

"நாலு நாள்காரரும் ஆறு நாள்காரரும் ஒருத்தர் இன்னிக்கு, ஒருத்தர் நாளைக்குன்னு ஆரம்பிச்சா ஜென்மத்துக்கும் சந்திக்க மாட்டாங்க. நாலும் ஏழும் அப்படி இல்லக்கா. எப்படி ஆரம்பிச்சு விட்டாலும் ஒருநாள் சந்திச்சே தீரணும். ஒட்டு உறவு இல்லாததுங்களைப் பிரிச்சு வைக்கவே முடியாது."

அவள் எண்ணெய் டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் தன் வித்தையில் உற்சாகமாகி அதன் கீழே மேலும் எழுதினார். இவ்வளவு பெரிய எண்ணை மீதியில்லாமல் வகுக்கிற எண்கள் எட்டே எட்டுத்தான். ஒன்று, அந்த எண்ணே, மூன்று சக்கரங்கள், பிறகு இரண்டிரண்டாகச் சேர்ந்த மூன்று ஜோடிகள். அதில் இரண்டு ஜோடிகளின் சத்தம் காதில் விழும்.

"மூணாவது ஜோடி?" என்று கேட்டாள்.

"முதல் சக்கரமும் கடைசிச் சக்கரமுமா? அதுங்க ரெண்டும் தொட்டுக்கவே தொட்டுக்காதே. அதுக்குச் சத்தம் கிடையாது. எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பத்தொம்பது. சும்மா கணக்குக்கு இருக்கு."

அவர் சொல்லாத ஒன்று அவளுக்குத் தானாகப் புரிந்தது. சத்தம் சேர்ந்து வரும் அந்தக் கணத்தில் மூன்று சக்கரங்களும், பல்லுக்குப் பல் பிசகாமல், தம்பி விழுந்த கணத்தில் நின்ற மாதிரியே நிற்கின்றன. நாள்காட்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது. இந்த மூன்று இரும்பும் எட்டு லட்சத்துச் சொச்சம் பற்களைக் கடந்து திரும்பத் திரும்ப அந்த முற்பகலுக்கே வந்துகொண்டிருந்தன. இத்தனை நாளில் முதல்முறையாக அவளுக்கு அந்த மிஷின் முன்னால் நிற்கப் பயமாக இருந்தது.

"அடுத்தது எப்ப?" என்றாள்.

கோடுகளையும் வட்டங்களையும் பார்த்துக் கணக்குப் போட்டார். "புதன்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு கொஞ்ச நேரத்துல. நடுவுல மிஷினை நிறுத்தாம இருக்கணும். நிறுத்துனா அந்த அளவுக்குத் தள்ளிப் போகும்." பிறகு எழுந்து முதுகை நெளித்தார். "புது நடுச்சக்கரத்துக்குச் சொல்லியாச்சு. அதே தொண்ணூத்தேழு பல். வந்துட்டா எல்லாம் அடங்கிடும்."

அன்று வீட்டுக்கு நடக்கும்போது அவள் மனம் இரண்டாகக் கிடந்தது. யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாம். புதன்கிழமை ஒரு தடவை, கடைசியாக, அந்த அழைப்பைத் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம். கணக்குத் தெரிந்துவிட்டால் என்ன, காதுக்கு அது அக்காதானே. ஆனால் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேசிய அந்த முதுகு கண்முன் வந்துகொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது சொன்னாள். "நாளைக்கு மத்தியானம் என்கூட மிஷின்கிட்ட வந்து நில்லு. பஞ்சை எடுத்துடு."

"எதுக்கு? என்னை எதுக்கு வதைக்கிறீங்க?"

"அவன் என்னைக் கூப்பிடலம்மா. அது நாலு பல்லு." நாலு நாள்காரரையும் ஏழு நாள்காரரையும் பற்றித் தனக்குப் புரிந்தவரை சொன்னாள்.

அந்தப் பெண் நம்பவில்லை. ஆனாலும் மறுநாள் வந்து நின்றாள். மற்றப் பெண்களும் விஷயம் தெரிந்து தள்ளித் தள்ளி நின்றார்கள். நீராவிச் சூட்டில் எல்லோர் நெற்றியிலும் வியர்வை. சக்கரங்கள் பாட்டுக்குச் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரம் ஆனது. பல் டாக்டர் விரலால் எண்ணிக்கொண்டே வந்து, "இதோ" என்றார்.

"அக்...கா..."

தம்பி மனைவி நடுச்சக்கரத்தைப் பார்த்தபடி நின்றாள். ஒட்டுப்போட்ட பல் கடந்து மேலே ஏறிப்போவது கண்ணுக்கே தெரிந்தது.

"பாத்தியா? இரும்பு" என்றாள் எண்ணெயக்கா.

"பாத்தேன். ஆனா அக்கான்னுதான் அண்ணி கேக்குது."

"ஆமா. எனக்கும்."

"அப்ப அவரு யாரையுமே கூப்பிடலையா?"

"யாருக்கும் தெரியாதும்மா."

அந்தப் பெண் அங்கேயே, எண்ணெய்க் கறை படிந்த தரையில் உட்கார்ந்து அழுதாள். சாவு நடந்த அன்றுகூட அவள் அப்படி அழுததில்லை. எண்ணெயக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டாள். மேஸ்திரி யாரையும் வேலைக்குப் போகச் சொல்லி விரட்டவில்லை.

புதுச்சக்கரம் அடுத்த வாரமே வந்தது. பழையதைச் சங்கிலியில் கட்டி இறக்கி, பழைய இரும்போடு லாரியில் ஏற்றினார்கள். புதியது மினுமினுவென்று வந்து உட்கார்ந்தது. "அக்"கும் இல்லை, "கா"வும் இல்லை. பல் டாக்டர் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆலைக்குப் போனார்.

வீட்டில் பேச்சு திரும்பியது. முதலில் தம்பியின் அசட்டுத்தனங்களைப் பற்றி. கல்யாணத்துக்கு மறுநாள் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனதைச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். பிறகு மெல்ல மெல்ல மற்ற விஷயங்கள். மூன்றாவது வருடம் எண்ணெயக்காவே முன்னால் நின்று, மனைவியை இழந்த ஒரு தச்சருக்கு அந்தப் பெண்ணைக் கட்டிவைத்தாள். "தம்பி பொண்டாட்டியை எவளாவது இன்னொருத்தனுக்குக் கட்டி வைப்பாளா?" என்று தெருவில் வாய் வலிக்கப் பேசினார்கள். "என் மகளுக்குச் செஞ்சேன், உனக்கென்ன?" என்று ஒரே போடாகப் போட்டாள். அவர்கள் வேறு ஊருக்குப் போய், ஒரு குழந்தையும் பிறந்தது. வாரம் ஒருமுறை போன் வரும்.

அவள் மட்டும் ஆலையிலேயே இருந்தாள். சத்தம் போன பிறகும் அவளால் கணக்கை விட முடியவில்லை. ஒருநாள் மூன்றாவது சக்கரத்துக்கு எண்ணெய் விடும்போதுதான் அது உறைத்தது. மாற்றியது நடுச்சக்கரத்தை மட்டும்தான். முதல் சக்கரத்திலும் மூன்றாவதிலும் ஒட்டுப்பற்கள் அப்படியே இருந்தன. புதுச்சக்கரத்தில் அடையாளம் எதுவும் இல்லை, அதற்கு எந்தப் பல்லும் ஒன்றுதான். அப்படியென்றால் அந்த இரண்டும் அன்று நின்ற நிலைக்கு வர இப்போது எட்டு லட்சம் தேவையில்லை. தொட்டுக்கொள்ளாத அந்த மூன்றாவது ஜோடி போதும். எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது பற்கள். முதல் சக்கரம் நூற்றொரு சுற்று. இரண்டு மணி நேரம்கூட இல்லை. முன்பு மாதத்துக்கு ஒருமுறை வந்தது, இப்போது நாளைக்கு நான்கைந்து தடவை, யாருக்கும் கேட்காமல் வந்துபோய்க்கொண்டிருந்தது.

யாரிடம் சொல்வது? போனில் அந்தப் பெண்ணிடம் சொல்ல மனம் வரவில்லை. மேஸ்திரி ஓய்வு பெற்றுவிட்டார். கூடத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அந்த நேரம் நெருங்கினால் அவளுக்குத் தெரிந்துவிடும். வேலையை நிறுத்தமாட்டாள், திரும்பிப் பார்க்கவும் மாட்டாள். டப்பாவை மட்டும் ஒரு கணம் நிமிர்த்திப் பிடிப்பாள், எண்ணெய் சொட்டாமல். பக்கத்தில் இருப்பவர்கள் கை வலிக்கிறது போல என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒன்பது வருடம் அப்படியே ஓடியது. முழங்கால் ஒத்துழைக்காமல் போனபோது வேலையை விட்டாள். அவள் இடத்துக்கு வாட்டசாட்டமான ஒரு பெண் வந்தாள், வாய்த்துடுக்கானவள். எண்ணெயக்கா அவளை இயந்திரம் இயந்திரமாக அழைத்துப்போய் எங்கே எவ்வளவு எண்ணெய், எங்கே சேலை முந்தானையை இழுத்துச் செருக வேண்டும் என்றெல்லாம் காட்டினாள். உலர்த்தும் பிரிவுக்கு வந்ததும் பாதுகாப்புத் தகட்டைத் தட்டி, "உசிரே போனாலும் இதைக் கழட்டாத. அட்டை பாழாப் போனா போகட்டும்" என்றாள்.

"சரிக்கா. வேற ஏதாச்சும் சொல்லணுமா இதைப் பத்தி?"

சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த நேரத்துக்கு இன்னும் ஏழெட்டுச் சுற்று பாக்கி இருந்தது.

"ஒண்ணுமில்ல. வா, அடுத்ததைக் காட்டுறேன்" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.